நிழற்படத்திற் காணும் படைச் சின்னங்கள்

பண்டைத் தமிழ் மறவர் எப்போர் குறித்துச் செல்கின்றனர் என்பதை அவர் சூடிய பூவே உணர்த்திற்று. ஆநிரை கவரச் செல்வோர் வெட்சியும், அதனை மீட்கச் செல்வோர் கரந்தையும் சூடினர் என்பது புறப்பொருள் வெண்பாமாலை காட்டும் முறை. அணிந்த குறியைக்கொண்டு வீரனை அறிதல் தமிழர்க்குப் புதியதன்று.

சேலம், நாமக்கல் சமவெளியிலுள்ள பழைய இல்லங்கள் சிலவற்றில், மனைவி மக்கள் சூழச் சீருடையுடன் ஒருவர் வீற்றிருக்கும் நிழற்படத்தைக் காணலாம். ‘பாட்டனார் சுபேதாராக இருந்தார்’ என்பதற்கு மேல் வீட்டார்க்கு ஒன்றும் தெரிவதில்லை. இத்தகைய படத்தை எம்முறையில் ஆராய்தல் வேண்டும் என்பதை ஈண்டு விளக்குவோம்.

முதற்கண், படம் இடவலம் மாறி அச்சிடப்பட்டுள்ளதா என நோக்குதல் வேண்டும். பதக்கங்கள் அணிந்தவரின் இடமார்பில் அமையும். ஆடவர் மேற்சட்டையின் இடப்பக்கம் வலப்பக்கத்தின்மேற் படியும். இவை மாறித் தோன்றின் படமே மாறியது எனக் கொள்க.

அடுத்து நோக்கத்தக்கது, குறி அமைந்த இடம். மேற்கையில் முனை கீழ்நோக்கிய பட்டை ஒன்றாயின் லான்ஸ் நாயக், இரண்டாயின் நாயக், மூன்றாயின் ஹவில்தார். இடமுன்கையில் முனை மேல்நோக்கிய பட்டையோ நன்னடத்தைக்கு உரியது, பதவியைக் குறிப்பதன்று. முன்கையில் நேர்நின்ற சிறுகோடு, 1916 முதல் போரிற் புண்பட்டோர்க்கு வழங்கிய அடையாளம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தோளில் ஒரு விண்மீன் ஜமேதாரையும் இரு விண்மீன்கள் சுபேதாரையும் குறித்தன. ஆகவே, பாட்டனார் மேற்கையில் மூன்று பட்டைகள் காணப்படின், படம் எடுத்த நாளில் அவர் ஹவில்தாரே. பின்னர்ப் பதவி உயர்வு பெற்றிருக்கலாம். அதனை நிறுவுதற்கு வேறு சான்று வேண்டும்.

நிறத்தைக்கொண்டு துணிதல் பெரும்பிழைக்கு இடமாகும். பழைய ஒளித்தகடுகள் பல செந்நிறத்தை உணரும் ஆற்றல் இல்லாதவை. ஆதலின் அவற்றிற் சிவப்பு கருமையாகவும், நீலம் வெளிறியும் தோன்றும். பதக்க நாடாவின் நிறத்தை ஊகியாது, பதக்கத்தின் வடிவையே நோக்குக. 1914–15 விண்மீன் முனைகளை உடையது. முதல் உலகப் போர்க்குரிய பிரித்தானியப் போர்ப் பதக்கம் வட்டமானது. பின்னது பெரும்பான்மையோர்க்கு வெள்ளியிலும், தொழிற்படையினர் முதலியோர்க்கு வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. பதக்கம் வீட்டில் எஞ்சியிருப்பின் அதன் விளிம்பை நோக்குக; பெற்றவரின் எண், பதவி, பெயர், படையணி ஆகியன ஆங்குப் பொறிக்கப்பட்டிருக்கும்.

படையணியைத் துணிவதிலும் விழிப்பு வேண்டும். மதராஸ் ரெஜிமெண்டின் இன்றைய சின்னத்திலுள்ள யானை, 1803-இல் நிகழ்ந்த அசாயிப் போரை நினைவூட்டுவது. ஆயின் அப்போரின் நினைவாக யானைச் சின்னம் பூண்ட பிரித்தானியப் படையணிகளும் உண்டு. மேலும், 1920-களிற் கலைக்கப்பட்ட சென்னைக் காலாட்படை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மீண்டும் அமைக்கப்பெற்றது. ஆதலின் யானை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு காலத்தையும் அணியையும் வரையறுத்தல் பொருந்தாது.

இவ்வாறு பெற்ற முடிவை ஆவணங்களோடு ஒப்பிடல் வேண்டும். படைவிலகற் சான்றும் ஓய்வூதிய ஏடும் சிறந்த துணை. உலகப் போர்களில் உயிர்நீத்தோராயின், 1917-இல் தோன்றிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளிற் பெயரைத் தேடலாம். ஊரும் மாவட்டமும் சிலர்க்குக் குறிக்கப்பட்டுள்ளன. ஆங்குச் ‘சேலம் மாவட்டம்’ என்றிருப்பின் இன்றைய எல்லையை எண்ணி மயங்கலாகாது. தருமபுரி 1965-இலும், நாமக்கல் 1997-இலும் அதனின்று பிரிந்தன.

நடுகல்லில் வீரன் பெயரும் ஊரும் எழுத்தாய் நின்றன. நிழற்படத்தில் உருவம் மட்டுமே நிற்கின்றது. ஊகத்தால் உயர்பதவி ஒன்றை ஏற்றிக் கூறின், அவர் உண்மையிற் செய்த பணி மறைந்துபோம். சுமை தூக்கிய தொழிற்படையாளரும் போர்க்களம் கண்டவரே. ஆதலின் தெளிந்ததைத் தெளிந்ததாகவும், ஐயுற்றதை ஐயமாகவும் படத்தின் பின்புறத்தில் எழுதிவைத்தல், வீட்டார் தம் முன்னோர்க்கு ஆற்றத்தக்க கடன் என்பது நம் கருத்து.