பாரத் தோணிக்கு ஏற்ற உந்து விசிறி

மகாவலி கங்கையின் கிளையாறாகிய வெருகலாறு, வாடை மழைக்காலத்தில் பெருகிக் கரையோர வயல்களையும் தெருக்களையும் மூடுவதுண்டு. 2011 சனவரிப் பெருவெள்ளத்தில் கீழ் மாகாணத்தின் பல பகுதிகள் நீரில் அமிழ்ந்தன. இத்தகைய வேளைகளில் நெல் மூடைகளையும் மரக்கறிகளையும் கரை சேர்ப்பதற்குத் தோணியே துணையாகும். வெளியிணைப்பு இயந்திரம் வாங்கும் கமக்காரர் அதன் குதிரைவலுவைக் கேட்டறிவர்; நீரினுள் சுழலும் விசிறியைப் பற்றிக் கேட்போர் சிலரே.

விசிறியில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று அதன் விட்டம். மற்றையது புரியிடை, அதாவது, நீர் வழுக்காது இருப்பின் விசிறி ஒரு சுற்றில் முன்னேறக்கூடிய தூரம். இரண்டும் அங்குலத்தில் குறிக்கப்படும். புரியிடை கூடிய விசிறி வெறுந்தோணியை விரைவாகச் செலுத்தும். அதே விசிறியுடன் மூடைகளை ஏற்றிச் செல்வது, சேற்று வயலில் உழவு இயந்திரத்தை உயர்ந்த கியரில் ஓட்டுவதை ஒக்கும். இயந்திரம் திணறும், எண்ணெய் வீணாகும், நாளடைவில் ஆடுதண்டும் பழுதுறும்.

ஆதலின் விசிறியைச் சோதிக்கும்போது வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றியே சோதித்தல் வேண்டும். ஆழமான, தடையற்ற நீரில் விசையை முழுதும் திறந்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைச் சுழற்சிமானியால் அறிக. இயந்திரக் கைந்நூலில் 4500 முதல் 5500 வரை எனக் குறித்திருக்க, 10 அங்குலப் புரியிடையில் 4300 சுற்றே கிடைப்பின், 8 அங்குல விசிறியை மாட்டிப் பார்க்கலாம். புரியிடையில் ஓரங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுக் கூடும். பாரத்தை இறக்கித் திரும்பும்போது இவ்விசிறி அளவு மீறிச் சுழலக்கூடும். அப்போது விசையைச் சற்றுக் குறைத்தே ஓட்டுதல் வேண்டும்.

விசிறி சரியாயிருந்தும் இயந்திரம் உயரமாகப் பொருத்தப்பட்டிருப்பின் பயனில்லை. விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு தோணியின் அடிமட்டத்தோடு ஒத்தோ, ஓரங்குலம் தாழ்ந்தோ இருத்தல் நன்று. அதற்கு மேலிருந்தால் விசிறி காற்றை இழுத்து வீணே இரையும். மூடைகளையெல்லாம் பின்புறத்தில் அடுக்கினால் தோணியின் அணியம் தூக்கி நிற்கும். இக்குறையை எந்த விசிறியும் போக்காது.

சிறுபோகத்தில் நீர் வற்றி மணற்றிட்டுகள் தோன்றும்போது விசிறியின் இதழ்கள் அடிபடுதல் இயல்பு. சிறு வெட்டுகளை அரத்தால் தேய்த்துச் சீராக்கலாம். வளைந்த அலுமினிய இதழைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்துவது தகாது, அது வெடிக்கக்கூடும். சல்வீனியா போன்ற நீர்க்களைகள் சுற்றிக்கொண்டால், இயந்திரத்தை நிறுத்தித் தீப்பொறிச் செருகியின் கம்பியைக் கழற்றிய பின்னரே விசிறியில் கை வைத்தல் வேண்டும்.

சிறிய இயந்திரங்கள் சிலவற்றில், விசிறி கல்லில் மோதும்போது தான் முறிந்து பற்சில்லுகளைக் காக்கும் மெல்லிய ஊசி ஒன்று உண்டு. அது முறிந்தவிடத்து இரும்பாணியைச் செருகுவோர் உளர். அடுத்த மோதலில் ஆணி முறியாது, பற்சில்லே முறியும். உரிய ஊசிகள் இரண்டு மூன்றைத் தோணியில் எப்போதும் வைத்திருத்தல் வேண்டும்.