நம்பர் பிளேட்டுக்கு ஒரு சல்யூட்!

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். பைக் நம்பர் பிளேட்டிலேயே முழு ஜாதகமும் இருக்கும். மேலே குலசாமி, கீழே குழந்தை பேர், ஓரத்தில் 'ஆர்மி' அல்லது 'போலீஸ்'. நம்பரைத்தான் தேடணும்!

சட்டப்படி நம்பர் பிளேட்டில் நம்பருக்கு மட்டுமே இடம். 2024 மே 2 முதல் சென்னை டிராபிக் போலீஸ் இந்த ஸ்டிக்கர்களுக்கு அபராதம் போட ஆரம்பித்தது.

"நாட்டுக்காக உழைச்சவனுக்கு இந்த மரியாதைகூட கிடையாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் மாநில அரசுகளே முன்னாள் ராணுவத்தினருக்குத் தனி பிளேட் தருகின்றன. பணி முடித்த சான்றிதழைக் காட்டி விண்ணப்பித்தால் போதும். போரில் காயம்பட்டவருக்குத் தனி டிசைன்கூட உண்டு. நம்மூரில் அப்படி ஏதும் இல்லை. ராணுவ வண்டிகளில் அம்புக்குறி போட்ட நம்பர் பார்த்திருப்பீர்கள். அது ராணுவத்தின் வண்டிக்கு. ஜவானின் சொந்த வண்டிக்கு அல்ல.

நம் அரசு கொடுப்பது வேறு ஒன்று: 'பிஹெச்' வரிசை, அதாவது பாரத் நம்பர். 2021 செப்டம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது. ராணுவத்தினர், மத்திய, மாநில அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர் விண்ணப்பிக்கலாம். நாலு மாநிலங்களிலாவது ஆபீஸ் வைத்திருக்கும் தனியார் கம்பெனிக்காரர்களும் கேட்கலாம். (நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்களே!)

லாபம் என்ன? சாதாரண நம்பர் வண்டியை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் 12 மாதத்துக்குமேல் வைத்திருந்தால் புது நம்பர் வாங்கணும். பழைய ஊரில் தடையில்லாச் சான்று, புது ஊரில் மறுபடி வரி, பிறகு கட்டிய பழைய வரியைத் திரும்பக் கேட்டு மனு. இதெல்லாம் முடிவதற்குள் ஜவானுக்கு அடுத்த டிரான்ஸ்பர் வந்துவிடும்! பிஹெச் நம்பருக்கு இந்த அலைச்சல் இல்லை. வரியையும் இரண்டிரண்டு வருஷமாகக் கட்டலாம். பத்து லட்சத்துக்குக் கீழே விலை என்றால் 8 சதவீதக் கணக்கு. டீசலுக்கு 2 சதவீதம் கூடுதல், மின்சார வண்டிக்கு 2 குறைவு. தவணையை மறந்தால் மட்டும் அபராதம்.

புது வண்டி என்றால் டீலர் மூலமே விண்ணப்பம். அரசு ஊழியருக்கு அடையாள அட்டை. தனியார் ஊழியருக்குக் கம்பெனி தரும் படிவம் 60. எல்லா மாநிலமும் ஒரே வேகத்தில் இதை ஏற்கவில்லை. ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் டீலரிடம் கேட்டுவிடுங்கள். 2022 டிசம்பரில் விதியைத் திருத்தி, பழைய வண்டியையும் இந்த வரிசைக்கு மாற்ற வழி செய்தார்கள்.

ஒரே ஒரு 'ஆனால்'. இது பணியில் இருப்பவருக்கு மட்டும். ஓய்வு பெற்று வந்தவர் வங்கியிலோ அரசு ஆபீசிலோ மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தால்தான் கேட்க முடியும்.

கோவில்பட்டியைத் தொட்டுப்போகும் நாற்கர சாலை இருக்கிறதே, அது கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகர் வரை போகிறது. அந்தக் கோடியில் பனியில் நின்றவர்தான், இந்தக் கோடியில் கரிசல் காட்டில் உளுந்து விதைக்கிறார். சாலைப்புதூர் டோல்கேட்டில் அவருக்குச் சலுகையும் கிடையாது. அதுவும் பணியில் இருப்பவருக்குத்தான்.

பிளேட்டில் மரியாதை எழுத அரசாணை வேண்டும். நம் ஆபீசுக்கு அவர் மனுவோடு வரும்போது, எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட எந்த அரசாணை வேண்டும், சொல்லுங்கள்?