சீழ் பிடிக்காத தவளை

ஆப்பிரிக்க நகத் தவளை ஆய்வுக்கூடங்களுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் பெண்ணின் சிறுநீரை அதன் உடலில் ஊசியால் ஏற்றி, அது முட்டையிடுகிறதா என்று பார்த்தே கர்ப்பத்தை உறுதிசெய்தார்கள். 1980களில், அமெரிக்காவின் பெதெஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் ஜாஸ்லாஃப் என்ற மருத்துவர், மரபணு ஆய்வுக்காக இத்தவளைகளின் வயிற்றைக் கீறிச் சினைப்பையை எடுத்துவிட்டு, தையல் போட்டுத் தொட்டியில் விடுவார். தொட்டித் தண்ணீரில் கிருமிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. சிவந்து வீங்கக்கூட இல்லை. அங்கே தவளைகளை அறுத்துத் தைத்த எவர் கண்ணிலும் பட்டிருக்கக்கூடிய விஷயம்தான். ஏன் என்று துருவியவர் ஜாஸ்லாஃப்.

விடை தோலில் இருந்தது. தோல் சுரப்பிகளிலிருந்து இரண்டு பெப்டைடுகளைப் பிரித்தெடுத்து, 1987இல் மகைனின் என்ற பெயரில் அறிவித்தார். புரதத்தைப் போலவே பெப்டைடும் அமினோ அமிலச் சங்கிலிதான், நீளம் குறைவு. மகைனினில் இருப்பவை வெறும் 23. (இதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஸ்வீடனில் ஹான்ஸ் போமன் குழுவினர், செக்ரோபியா என்ற அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவில் இப்படியொன்றைக் கண்டிருந்தார்கள்.)

மகைனின் நேர்மின்னூட்டம் கொண்டது. பாக்டீரியாவின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம். எனவே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் சுருள் வடிவெடுக்கிறது. சுருளின் ஒரு பக்கம் தண்ணீரை நாடும், மறுபக்கம் கொழுப்பை நாடும். கொழுப்பை நாடும் பக்கம் கிருமியின் சவ்வுக்குள் புதைய, சவ்வில் துளை விழுகிறது. உள்ளே இருப்பது வெளியே கசிந்து கிருமி சாகிறது. நம் செல்களின் வெளிப்புறத்தில் அந்த எதிர்மின்னூட்டம் அவ்வளவாக இல்லை, சவ்வில் கொலஸ்ட்ராலும் உண்டு. அதனால் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. வழக்கமான ஆன்டிபயாடிக் பலவும் ஏதாவது ஒரு நொதியைக் குறிவைப்பவை. கிருமி அந்த நொதியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் மருந்து தோற்றுவிடும். சவ்வையே மாற்றிக்கொள்வது அத்தனை எளிதல்ல.

இவ்வளவும் இருந்தும் மகைனின் மருந்தாகவில்லை. அதைச் சற்றே மாற்றி உருவாக்கிய பெக்சிகானன் என்ற களிம்பை, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குத் தடவிச் சோதித்தார்கள். 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்துவிட்டது. பின்னாளில் நடந்த பெரிய சோதனைகளிலும் அக்களிம்பு, மருந்து சேர்க்காத வெறும் களிம்பை விஞ்சவில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் கிருமி சாவது வேறு, ஆறாத புண்ணில் சாவது வேறு. புண்ணிலுள்ள நொதிகள் பெப்டைடைத் துண்டாடும். உப்பு அதன் பிடியைத் தளர்த்தும். இன்னொன்றும் எனக்குப் படுகிறது: தவளை ஒற்றைப் பெப்டைடை நம்பி வாழவில்லை. அதே தோலில் ஊறும் பிஜிஎல்ஏ என்ற பெப்டைடோடு சேரும்போது மகைனினின் வீரியம் பல மடங்காகிறது. மருந்துக்காக நாம் எடுத்துக்கொண்டது ஒன்றை மட்டும்.

நம்மைச் சிதைக்காத பெப்டைடு கிடைப்பதும் லேசல்ல. கேரளத் தவளை ஒன்றின் தோலிலிருந்து கிடைத்த 32 பெப்டைடுகளை, திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தாரும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரும் ஃப்ளூ வைரஸ்மீது சோதித்தார்கள். நான்கு வேலை செய்தன. அவற்றில் மூன்று மனித இரத்தச் சிவப்பணுக்களையும் பாதித்தன. எஞ்சிய ஒன்றுக்கு, களரி வீரர்கள் சுழற்றும் உருமி வாளை நினைத்து உருமின் என்று பெயர் வைத்து 2017இல் வெளியிட்டார்கள். மூக்கு வழியே செலுத்தியபோது அது எச்1 வகை ஃப்ளூவிலிருந்து எலிகளைக் காத்தது. எச்3 வகையிடம் அதன் பாச்சா பலிக்கவில்லை.