ஆற்றோடு மல்லுக்கட்டாத ஃபின்

மழைக்காலம் வந்தால் மீட்புப் படையினரின் படங்களும் வந்துவிடும். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், தோளில் கயிறு. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கடலில் முக்குளிக்கிறவர்கள் வாத்துப் பாதம் மாதிரி ஒன்றைக் காலில் மாட்டிக்கொள்கிறார்களே, வெள்ளத்தில் இறங்குகிறவர்கள் ஏன் மாட்டுவதில்லை?" அதற்கு ஃபின் என்று பெயர், சிலர் மாட்டத்தான் செய்கிறார்கள். எந்தத் தண்ணீரில், எந்த ஜோடியை என்பதில்தான் விவகாரமே இருக்கிறது.

முதலில் ஒரு நப்பாசையை விட்டுவிடலாம். 50 மீட்டர் நீச்சலில் உலகின் முதல் வரிசைக்காரர்கள் 21 நொடி வாக்கில் கரை தொடுகிறார்கள். சராசரி நொடிக்கு 2.4 மீட்டர். அதுவும் மேடையிலிருந்து பாய்ந்து, அசையாத தண்ணீரில், இடுப்பில் ஒரு ஜட்டியோடு. கரைபுரளும் ஆறு நொடிக்கு 3 மீட்டர் அநாயாசமாக ஓடும். எதை மாட்டினாலும் அதை எதிர்த்து யாரும் போய்விட முடியாது. பயிற்சி பெற்றவர் அதற்கு முயல்வதும் இல்லை. ஆறு இழுத்த இழுப்புக்குப் போய்க்கொண்டே, குறுக்கே கரையை நோக்கி நகர்கிறார். ஃபின் உதவுவது இந்தக் குறுக்கு நகர்வுக்கு மட்டுமே.

கொஞ்சம் கணக்கு. ஆள் இருக்கும் இடத்திலிருந்து கரைக்கு 30 மீட்டர். ஓட்டம் நொடிக்கு 3 மீட்டர். மீட்பவரின் ஒரு கை, மூழ்குகிறவரின் ஜாக்கெட்டைப் பற்றியிருக்கிறது. இன்னொரு கை தடுமாறுகிறது. உந்த மிஞ்சியிருப்பது கால் மட்டும். வெறுங்காலால் உதைத்து நொடிக்கு அரை மீட்டர் நகர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கரை சேர 60 நொடி, அதற்குள் ஆறு அவரை 180 மீட்டர் கீழே கொண்டுபோயிருக்கும். ஃபின் மாட்டி வேகம் முக்கால் மீட்டரானால் 40 நொடி, 120 மீட்டர். வேரோடு சாய்ந்த ஒரு மரம் 150 மீட்டரில் குறுக்கே கிடந்தால்? கிளைகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து போய்விடும், மனிதர் போக முடியாது. ஃபின் வாங்கித்தரும் அந்த 60 மீட்டருக்குள்தான் இரண்டு பேரின் உயிர் இருக்கிறது.

ஆனால் வேகத்தை ஒன்றரை மடங்காக்க, தண்ணீரில் மூன்று மடங்குக்கும் மேலான திறன் தேவை. அதே தொடை, அதே மூச்சு. கூடுதல் திறன் எங்கிருந்து வருகிறது? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

தேங்காயும் எலுமிச்சையும் விற்கிற ஒரு தள்ளுவண்டிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். வழவழத்த தரை. மனிதர் வண்டிமேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறார். சரக்கைப் பின்னால் எறிந்தால் வண்டி முன்னால் நகரும், அதற்கு நியூட்டன் பொறுப்பு. ஒரு கிலோ தேங்காயை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மெல்லப் பின்னால் தள்ளிவிடலாம். அல்லது 50 கிராம் எலுமிச்சையை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டரில், விட்டெறியலாம். வண்டிக்குக் கிடைக்கும் உந்தம் இரண்டிலும் ஒன்றே. செலவு? தேங்காய்க்கு அரை ஜூல், எலுமிச்சைக்கு 10 ஜூல். உந்தம் வேகத்தோடு நேராக ஏறுகிறது, ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அதே நகர்வுக்கு 20 மடங்கு கூலி.

வெறுங்கால் எலுமிச்சைக் கடை. கொஞ்சம் தண்ணீரைப் படபடவென்று விசிறி, உழைப்பில் பெரும்பகுதியைச் சுழலாகவும் அலையாகவும் ஆற்றுக்கே தானம் செய்கிறது. ஃபின் தேங்காய்க் கடை. நிறையத் தண்ணீரை நிதானமாகப் பின்னால் தள்ளுகிறது. கூடுதல் திறன் எங்கிருந்தும் வந்ததல்ல. வீணாகிக்கொண்டிருந்தது மிச்சமானது, அவ்வளவுதான்.

அப்படியானால் தேங்காயை மூட்டையாகவே தள்ளிவிடலாமே? மூச்சடக்கி ஆழம் போகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அவர்களுடைய ஃபின் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். அவர்களுக்கு அவசரம் இல்லை, சட்டென்று திசை திருப்ப வேண்டியதும் இல்லை. வெள்ளத்தில் நொடிக்கு நொடி திசை மாறும், ஆழம் மாறும். மூட்டையைத் தூக்கித் தூக்கிக் கணுக்கால் நோகும், கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ளும். நடு ஆற்றில் அதைவிடக் கெட்ட நேரம் வேண்டாம். எனவே குட்டையான, கெட்டியான ரப்பர் ஃபின். அலையில் பலகையோடு விளையாடுகிறவர்கள் மாட்டுகிற வகை. அதிலும் அடி விறைப்பாக இருக்க வேண்டும், முனை வளைய வேண்டும். முனை வளையாவிட்டால் சரக்கு பின்னால் போகாமல் மேலும் கீழும் பறக்கும், வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கும். இரு ஓரங்களிலும் உள்ள வரம்பு, தண்ணீர் பக்கவாட்டில் வழிந்துவிடாமல் தடுக்கிறது. பாறையில் மோதி நுரைத்த வெள்ளைத் தண்ணீரில் காற்று ஏராளம். அங்கே தேங்காய் என்று எடுத்தது வெறும் மட்டையாக இருக்கும், எந்த ஃபின்னும் பிடி கொடுக்காது. உவமையை இதற்கு மேல் தள்ளினால் வண்டிக்காரர் சண்டைக்கு வருவார்.

வரலாறு கேட்பவர்களுக்காக: பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது கையில் பலகையும் காலில் செருப்பு மாதிரி ஒன்றும் கட்டி நீந்திப் பார்த்தார். கைப்பலகை பலித்தது, கால் சமாசாரம் திருப்தி தரவில்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கோர்லியூ 1933-இல் ஃபின்னுக்குக் காப்புரிமை வாங்கினார். 1932 ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஓவன் சர்ச்சில், 1940 வாக்கில் அதை அமெரிக்காவில் விற்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் மீதியைப் பார்த்துக்கொண்டது.

இனி, எந்தத் தண்ணீர் என்ற கேள்வி. 1938 வெள்ளத்துக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் ஆற்றின் பெரும்பகுதியைக் கான்கிரீட் வாய்க்காலாக மாற்றிவிட்டார்கள். 1992-இல் ஒரு பதின்வயதுப் பையன் அதில் அடித்துச் செல்லப்பட, தொலைக்காட்சிக் கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காப்பாற்ற முடியாமல் போனது. அதன் பிறகு அங்கே விரைநீர் மீட்புக்குக் கூடுதல் கவனம் கிடைத்தது. அப்படிப்பட்ட வாய்க்காலில் ஒதுங்கி நிற்கப் பாறை மறைவு இல்லை, கால் சிக்கும் இடுக்கும் குறைவு. ஃபின்னுக்கு ஏற்ற இடம்.

பாறை ஆறு வேறு கதை. ஓட்டத்தோடு மிதக்கும்வரை அதன் பலம் நமக்குத் தெரியாது. கால் இடுக்கில் மாட்டி உடம்பு நின்ற கணமே தெரியும். நொடிக்கு 3 மீட்டர் ஓட்டத்தில், அரைச் சதுர மீட்டர் பரப்பு குறுக்கே நின்றால் சுமார் 230 கிலோ எடை அழுத்தும். அதனால்தான் ஓடும் ஆற்றில் எழுந்து நிற்காதே என்று முதல் வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய ஃபின் தகடு தனியாகவே 20 கிலோவுக்கு மேல் இழுக்கும், பாதத்தின் நுனியில், நெம்புகோல் மாதிரி. திறந்த சாக்கடையும் முள்கம்பியும் மறைந்திருக்கும் தெரு வெள்ளத்திலும் இதே ஆபத்துதான். அங்கே நடக்கவும் வேண்டும், ஃபின்னோடு நடப்பது சர்க்கஸ். எப்படியும் நீந்திப் போவது கடைசி வழி. கை நீட்டிப் பார், கயிறு வீசு, படகு விடு, அதற்கு அப்புறம்தான் ஆள் இறங்க வேண்டும்.

வாங்கும் குழுக்களுக்கு விளம்பரங்கள் வேறு. டால்ஃபினின் வாலைப் பார்த்து வடிவமைத்தது, இத்தனை சதவீதம் கூடுதல் வேகம் என்பார்கள். எந்தத் தண்ணீரில் அளந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நீச்சல் குளத்துச் சதவீதம் சேற்று வெள்ளத்துக்கு அப்படியே வராது. நடுவே பிளந்த ஃபின் குளத்தில் சுகம், ஆற்றில் அந்தப் பிளவில் கயிறும் கொடியும் போய் உட்காரும். குதிகால் திறந்ததாக, பூட்ஸ் மேலேயே மாட்டுகிற அளவில் வேண்டும். ஈரமான பூட்ஸோடு போட்டுப் பார்க்காமல் அளவு சொல்லக் கூடாது. வார் ஒரே ரப்பராக இருப்பது நல்லது, பிளாஸ்டிக் பக்கிள் எதிலாவது மாட்டும். கழன்றால் மிதக்க வேண்டும், கலங்கல் தண்ணீரில் கண்ணில் படும் நிறம் வேண்டும். தொலையாமல் இருக்கக் கணுக்காலில் கயிறு கட்டுவது கடலில் சரி. ஆற்றில் அது இன்னொரு கண்ணி. தொலைந்தால் தொலையட்டும், ஃபின் விலை கொடுத்தால் கிடைக்கும். கையுறை போட்ட ஒற்றைக் கையால், மல்லாக்க மிதந்தபடி கழற்ற வராத ஜோடியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.