உறைபனியில் பொங்கல்!

தை முதல் நாள். காலை மணி ஆறரை. பனமலையில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோவில்மேல் விடியல் வெளிச்சம் பரவுகிறது. கீழே ஊரில் வாசலுக்கு வாசல் புதுப்பானை!

அதே நேரத்தில் கனடாவின் டொரன்டோ நகரில் முதல் நாள் இரவு மணி எட்டு. அங்கே போகியே முடியவில்லை!

இந்தப் பக்கத்திலிருந்து அங்கே படிக்கப் போன ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வெளியே உறைபனி. வாசலில் பாலை வைத்தால் கட்டியாகிவிடும். சூரியன் வர ஏழே முக்கால் ஆகும். அதுவும் மேகம் விலகினால்தான். விறகு மூட்ட இடமில்லை. வீட்டில் புகை வந்தால் அபாயமணி அலறும். பொங்கலுக்கு விடுமுறையும் கிடையாது. முதல் வருஷம் கண் கலங்காத பிள்ளை உண்டா?

சனிக்கிழமை நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் ஏராளமாகக் குடியேறிய ஊர் அது. தமிழ்க் கடையில் கரும்பு கிடைக்கிறது. 2016-ல் கனடா பாராளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றதும் உண்டு.

மின்சார அடுப்பில் பானை ஏறுகிறது. நம் பிள்ளை "பொங்கல்" என்பான். யாழ்ப்பாணத்து நண்பன் "புக்கை" என்பான். பானை காலியாகும்வரை வாக்குவாதம்தான்!

இரவு தாயாரிடமிருந்து போன்.

"பானை பொங்கிச்சா, தம்பி?"

"பொங்கிச்சும்மா. அடுப்பைத் துடைக்கத்தான் அரைமணி ஆச்சு!"