வீட்டிலேயே காளான் வளர்க்க கிட் வாங்கப் போறீங்களா? தண்ணீர் தெளிச்சா மட்டும் போதாது... முதல்ல இதைக் கவனிங்க!

'பையைக் கிழிங்க, தண்ணீர் தெளிங்க, பத்தே நாளில் காளான் பறிங்க' என்ற விளம்பரத்துடன் காளான் கிட்கள் ஆன்லைனிலும் நர்சரிகளிலும் விற்பனையாகின்றன. தோட்டம் வேண்டாம், மொட்டை மாடி வேண்டாம், உரம் வேண்டாம். அபார்ட்மென்ட்டில் ஒரு ஜன்னலோரம் இருந்தால் போதும் என்பதால் பலரும் ஆசையாக வாங்குகிறார்கள். ஆனால் ஒரே கடையில் வாங்கிய இரண்டு பைகளில் ஒன்று கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது, இன்னொன்று பச்சைப் பூசணம் பிடித்து குப்பைக்குப் போகிறது. ஏன் இந்த வித்தியாசம்? இந்தக் கிட் எப்படி வேலை செய்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

கிட்டுக்குள்ள என்னதான் இருக்கு?

பார்ப்பதற்கு வெள்ளைப் பஞ்சு அடைத்த பிளாஸ்டிக் பை மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் வைக்கோல் அல்லது மரத்தூள். அதை ஊறவைத்து, வெந்நீரிலோ நீராவியிலோ சூடுபடுத்தி, அதிலிருக்கும் வேண்டாத கிருமிகளைக் குறைத்த பிறகு, காளான் வித்தைக் கலந்து பையில் அடைக்கிறார்கள். அடுத்த இரண்டு, மூன்று வாரங்களில் காளானின் இழைகள் வைக்கோல் முழுக்கப் பரவி விடுகின்றன. அந்த வெள்ளைப் பஞ்சுதான் உண்மையான காளான் உயிரி. நாம் சமைத்துச் சாப்பிடும் குடை, மாமரத்துக்கு மாம்பழம் மாதிரி, அதன் கனி மட்டுமே.

செடிகளைப் போல காளான் வெயிலில் இருந்து உணவு தயாரிப்பதில்லை. வைக்கோலில் இருக்கும் நார்ப்பொருளைச் சிதைத்துச் சாப்பிடுகிறது. எனவே அதற்கு வேண்டிய சாப்பாடு முழுவதும் பைக்குள்ளேயே இருக்கிறது. யூரியா, மண்புழு உரம், அரிசி கழுவிய தண்ணீர் என எதையும் ஊற்றத் தேவையில்லை. ஊற்றினால் மற்ற பூசணங்களுக்குத்தான் விருந்து.

அப்படியென்றால் வீட்டில் நாம் கொடுக்க வேண்டியது என்ன? வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, கொஞ்சம் வெளிச்சம். இந்த நான்கும்தான். கிட் ஜெயிப்பதும் தோற்பதும் இதில்தான் இருக்கிறது.

எந்த மாசத்துல எந்தக் காளான்?

கிட் வாங்குபவர்கள் பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் இது. சந்தையில் அதிகம் கிடைப்பது சிப்பிக் காளான் கிட். இது சுமார் 20 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் நன்றாகக் காய்க்கும். சென்னையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தச் சூழல் ஓரளவு தானாகவே அமையும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் பிரச்சினையே இல்லை.

ஆனால் மே மாதத்தில், மின்விசிறி ஓடும் அறையே 34, 35 டிகிரியில் கொதிக்கும்போது, சிப்பிக் காளான் பையை வைத்துக்கொண்டு எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் பலன் இருக்காது. மொட்டு வராமலே போகலாம், அல்லது வந்த மொட்டு கருகிவிடலாம்.

கோடைக்கு ஏற்றது பால் காளான். மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டு 1974-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இந்த இனத்தில் இருந்து, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் ஏ.பி.கே. 2 என்ற ரகத்தை வெளியிட்டது. 30 முதல் 35 டிகிரி வெப்பத்தையும் இது தாங்கும். ஒரே ஒரு கூடுதல் வேலை, பையின் மேல் சுத்திகரிக்கப்பட்ட மண்ணைப் பரப்ப வேண்டும். அந்த மண்ணும் கிட்டோடு வருகிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

ஹோட்டல்களில் கிடைக்கும் மொட்டுக் காளான், அதாவது பட்டன் மஷ்ரூம், காய்ப்பதற்கு 14 முதல் 18 டிகிரி குளிர் தேவை. சமவெளியில் சாதாரண வீட்டில் இதற்கு ஆசைப்பட வேண்டாம்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

பை முழுவதும் சீராக வெள்ளை பரவியிருக்க வேண்டும். அங்கங்கே வைக்கோல் தெரிந்தால் இன்னும் முழுமையாக வளரவில்லை என்று அர்த்தம். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு திட்டுகள் இருந்தாலோ, புளித்த நாற்றம் அடித்தாலோ வாங்க வேண்டாம். நல்ல பையில் மழைக்குப் பிந்தைய மண்வாசம் போன்ற இதமான மணம் இருக்கும்.

வித்து கலந்த தேதி, காளானின் ரகம் ஆகிய இரண்டும் பையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கூரியரில் வாங்கினால், கோடையில் மூடிய வண்டிக்குள் இரண்டு நாள் வெந்துகொண்டு வரும் பைக்குள் இழைகள் செத்துப்போக வாய்ப்பு உண்டு. எனவே பக்கத்து ஊரில் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கெட்டுப்போய் வந்தால் மாற்றிக் கொடுப்பார்களா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எங்க வைக்கிறது? எப்படி வைக்கிறது?

நேரடி வெயில் படாத, ஆனால் புத்தகம் படிக்கும் அளவுக்கு வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடம் சரியானது. பால்கனியின் நிழல் பகுதி, துணி துவைக்கும் இடம், சமையலறை ஜன்னலோரம் ஆகியவற்றைத் தேர்வு செய்யலாம். மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது. நம்மைப் போலவே காளானும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. அந்த வாயு தேங்கினால் தண்டு நீண்டு, குடை மட்டும் பட்டன் சைஸில் நின்றுவிடும்.

ஏ.சி. அறையில் வெப்பநிலை சரியாக இருக்கும். ஆனால் ஏ.சி. காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தாலும் இதே கதைதான்.

கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான பிளேடால் பையில் குறிப்பிட்ட இடத்தில் கீறி விடுங்கள். காற்றில் 80 முதல் 90 சதவீத ஈரப்பதம் தேவை. இதற்கு எளிய வழி இருக்கிறது. அகலமான தட்டில் மணலைப் பரப்பி நனைத்து, அதன் மேல் ஒரு ஸ்டாண்டில் பையை வைக்கலாம். சுற்றிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிடலாம். தினமும் இரண்டு, மூன்று முறை பூந்தூறலாகத் தெளிக்கும் ஸ்ப்ரேயரால் சாக்கையும் கீறிய இடத்தையும் நனைத்தால் போதும். பைக்குள் தண்ணீர் தேங்கினால் அழுகல்தான் மிஞ்சும். அருகில் கொசு மருந்து, பூச்சி ஸ்ப்ரே எதுவும் அடிக்க வேண்டாம். காளானில் படியும் மருந்து நம் தட்டுக்குத்தான் வரும்.

பறிக்கிறது எப்போ?

சூழல் சரியாக இருந்தால், கீறிய சில நாட்களில் குண்டூசித் தலை போல சின்னச் சின்ன மொட்டுகள் எட்டிப் பார்க்கும். அடுத்த மூன்று, நான்கு நாட்களில் அவை மளமளவென்று பெருகும். காலையில் பார்த்ததற்கும் மாலையில் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரியும்.

குடையின் ஓரம் இன்னும் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்துவிட வேண்டும். இன்னும் பெருசாகட்டும் என்று விட்டுவைத்தால் ஓரம் விரிந்து மேல்நோக்கி மடங்கும். அப்போது வெள்ளைப் பொடி போல வித்துத் தூள்கள் காற்றில் பரவும். இது ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்கு இருமலையும் மூச்சுத்திணறலையும் தரக்கூடியது. எனவே கிட்டை படுக்கையறையில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

ஒவ்வொன்றாக வெட்டாமல், கொத்தாகப் பிடித்து லேசாகத் திருகி எடுங்கள். அடித்தண்டு பையிலேயே தங்கினால் அழுகி, பூச்சியை வரவழைக்கும். 7 முதல் 10 நாட்கள் கழித்து இரண்டாவது அறுவடை கிடைக்கும். மூன்றாவது முறையும் கொஞ்சம் வரலாம். அதோடு பையின் சத்து தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் வைக்கோலைச் செடித் தொட்டிக்கு மக்கு உரமாகப் போடலாம்.

இப்படி ஆனா என்ன அர்த்தம்?

தண்டில் வெள்ளைப் பஞ்சு: பயம் வேண்டாம், அது காளானின் சொந்த இழைதான். காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

மொட்டு மஞ்சளாகிக் காய்கிறது: ஈரப்பதம் குறைவு அல்லது வெப்பம் அதிகம்.

பச்சைப் பொடி: இது பச்சைப் பூசணம். பையைக் கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பச்சையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது வேண்டாம்.

வேறு மாதிரி காளான்: வைக்கோல் பையில் சில சமயம், மெலிந்த தண்டோடு சீக்கிரமே கறுத்து மை போலக் கரையும் காளான் முளைக்கும். அது நீங்கள் வாங்கிய ரகம் அல்ல. பிடுங்கி எறிந்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டில் காளான் வளர்த்த தைரியத்தில், மழைக்கு வெளியே முளைக்கும் காளானைப் பறித்துச் சமைக்கக் கூடாது. வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, மஞ்சள் நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனைகள் எதுவும் விஷத்தைக் காட்டிக் கொடுக்காது. கல்லீரலையே செயலிழக்க வைக்கும் சில காளான் நச்சுகள், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாதவை.

லாபமா, நஷ்டமா?

இரண்டு கிலோ பை வாங்கினால் இரண்டு கிலோ காளான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. பையின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். இரண்டு கிலோ பையில் காய்ந்த வைக்கோல் 650 முதல் 700 கிராம் இருக்கும். சிப்பிக் காளானைப் பொறுத்தவரை, காய்ந்த வைக்கோலின் எடையில் பாதி முதல் அதே அளவு வரை விளைந்தால் அது நல்ல விளைச்சல். அதாவது எல்லா அறுவடையும் சேர்த்து 350 முதல் 700 கிராம் வரை.

கடையில் 200 கிராம் பாக்கெட் என்ன விலை என்று பார்த்து, கிட் விலையோடு ஒப்பிட்டால் உங்களுக்கே புரியும். கிட்டில் பெரும்பாலும் காசு மிச்சமாகாது. கிடைப்பது வேறு. பறித்த அரை மணி நேரத்தில் சமைக்கும் காளானின் ருசி, மருந்து படாத உணவு என்ற நிம்மதி, வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு அறிவியல் பாடம்.

'நூறு பை வாங்குங்க, விளையுறதை நாங்களே திருப்பி எடுத்துக்குறோம்' என்று யாராவது சொன்னால் இரண்டு முறை யோசியுங்கள். வளர்ந்த காளான் ஃபிரிட்ஜில் வைத்தாலும் அதிக நாள் நன்றாக இருக்காது. வாங்க ஆள் வரவில்லை என்றால் மொத்தமும் குப்பைதான். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் நகையை அடகு வைத்து இறங்க வேண்டாம்.

தொழிலாகவே செய்ய விருப்பம் என்றால், கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறை காளான் வளர்ப்புப் பயிற்சி அளிக்கிறது. மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் பயிற்சி குறித்து விசாரிக்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு சின்னப் பரீட்சை. ஈரப்பதமும் வெப்பநிலையும் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றை, கிட் வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். எண்கள் எந்த ரகத்துக்குப் பொருந்துகிறதோ அந்தக் கிட்டை ஒன்றே ஒன்று வாங்குங்கள். அது காய்த்தால் அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம். எதற்குமே பொருந்தவில்லையா? காசைக் கையில் வைத்துக்கொண்டு மழைக்காலம் வரை காத்திருங்கள்.