உடைந்ததையும் காத்து வைத்திருக்கும் ஊர்கள்

வியட்னாம் என்றதும் எமக்கு முதலில் நினைவுக்கு வருவது யுத்தம்தான். 1975 ஏப்ரல் 30ஆம் திகதி அந்த யுத்தம் முடிந்தது. விமானக் குண்டுகளுக்கு அஞ்சிப் பதுங்குகுழிகளில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டிருந்த அந்த மக்கள் அரை நூற்றாண்டின் பின்னர் எவ்வாறு வாழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்ற ஆவல் எனக்கு நெடுநாளாக இருந்தது. வாய்ப்புக் கிடைத்தபோது பெரிய நகரங்களைத் தவிர்த்து, நாட்டின் நடுப்பகுதியில் உள்ள மூன்று சிறிய இடங்களைப் பார்த்து வந்தேன். மூன்றும் முன்னர் குவாங் நாம் மாகாணத்தில் இருந்தவை. 2025 யூலை முதல் அந்த மாகாணம் டா நாங் மாநகருடன் இணைக்கப்பட்டிருக்கிறது.

மறக்கப்பட்டதால் பிழைத்த துறைமுகம்

டா நாங்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில், து பொன் ஆற்றங்கரையில் இருக்கிறது ஹோய் ஆன். ஒரு காலத்தில் ஜப்பானியரும் சீனரும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பட்டும் மட்பாண்டமும் வாங்க வந்த துறைமுகம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றில் மணல் சேர்ந்து கப்பல்கள் வருவது குறைந்தது. வியாபாரம் டா நாங்குக்குப் போய்விட்டது. ஹோய் ஆனைப் பெரிதாக எவரும் கவனிக்கவில்லை. பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புதியன கட்டுவதற்கு அங்கே பணமும் இருக்கவில்லை. அந்த வறுமையே ஊரைக் காப்பாற்றியது. 1999 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமை நகரமாக அறிவித்தது.

ஒடுங்கிய தெருக்கள், மஞ்சள் பூசிய சுவர்கள், ஓட்டுக்கூரைகள். குறிப்பிட்ட நேரங்களில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. பழைய வியாபாரி ஒருவரின் வீட்டினுள் சென்றேன். வெள்ளம் எந்தெந்த ஆண்டு எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று சுவரிலே குறித்து வைத்திருக்கிறார்கள். 1964 ஆம் ஆண்டுக் கோடு என் தலைக்கு மேலே இருந்தது. வெள்ளம் வரும்போது கீழே உள்ள பொருட்களை மேலே தூக்குவதற்காக மேல்மாடித் தரையில் ஒரு சதுரக் கதவு வைத்திருக்கிறார்கள். இடம்பெயர்ந்து பழகிய எமக்கு அந்தக் கதவின் அருமை நன்றாகவே விளங்கும்.

பியூகியன் சீனரின் மண்டபத்தில் கடலோடிகளைக் காக்கும் தியென் ஹௌ தேவிக்கு வழிபாடு நடக்கிறது. உள்ளே பன்னிரண்டு மருத்துவிச்சித் தெய்வங்களின் சிலைகளும் இருக்கின்றன. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அங்கே பழம் படைத்து வணங்குகிறார்கள்.

ஆற்றங்கரைச் சந்தையில் மரக்கறி, மீன் விற்பவர்களில் நான் அதிகம் கண்டது பெண்களைத்தான். தையற்கடைகளிலும் அப்படியே. மூங்கில் ஈர்க்கை வளைத்துப் பட்டுத்துணி ஒட்டிச் செய்யும் மடக்கு விளக்குகள் இவ்வூருக்குப் பேர் போனவை. சந்திர மாதத்தின் பதினான்காம் இரவில் மின்விளக்குகளை அணைத்துவிட்டு இந்த விளக்குகளை ஏற்றுகிறார்கள். விளக்குக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசினேன். "வேலைக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் பழைய வீட்டை வெளியூர் வியாபாரிக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் தள்ளிப்போய் இருக்கிறோம்" என்றார். இப்படிப் பல குடும்பங்கள் வெளியேறியிருக்கின்றன. சுற்றுலா வந்தால் காசு வரும். வீட்டு உரிமையையும் விற்பனையையும் யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் அந்தக் காசு யாருக்குப் போகும் என்பது தங்கியிருக்கிறது.

குண்டு விழுந்த சிவன் கோயில்

ஹோய் ஆனிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் மேற்கே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் மி சொன் கோயில்கள் உள்ளன. இவற்றைக் கட்டியவர்கள் சம்பா நாட்டு மன்னர்கள். நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசன் இங்கே பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவலிங்கம் நிறுவினான். கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் சம் மொழியிலும் உள்ளன. சம் மக்கள் இன்றும் நாட்டின் தென்பகுதியில் வாழ்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர் பார்த்தபோது எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இங்கே இருந்தன. 1969 ஓகஸ்டில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. எல்லாவற்றிலும் உயர்ந்த கோபுரம் தரைமட்டமானது. இன்று ஏறத்தாழ இருபது கட்டடங்கள்தாம் எஞ்சியுள்ளன. யுத்தம் முடிந்த பின்னரும் உள்ளே போக முடியவில்லை. கண்ணிவெடிகளை அகற்றும்போது உள்ளூர் ஆட்கள் சிலர் இறந்தார்கள்.

1980களில் கசிமியர்ஸ் குவியட்கோவ்ஸ்கி என்ற போலந்துக் கட்டடக்கலைஞர் வந்து, பல ஆண்டுகள் இங்கே பாடுபட்டார். 1997 இல் வியட்னாமிலேயே காலமானார். ஹோய் ஆனில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். எஞ்சியதைத் தாங்கி நிறுத்துவதே அவரது முறை. இல்லாததை இருந்ததுபோல் கட்டி மறைப்பதை அவர் விரும்பவில்லை. பின்னர் இத்தாலிய, இந்திய நிபுணர்களும் வேலை செய்தார்கள். 2020 இல் இந்தியக் குழுவினர் மண்ணுக்குள்ளிருந்து ஒரே கல்லாலான சிவலிங்கம் ஒன்றைக் கண்டெடுத்தார்கள்.

அந்த உயர்ந்த கோபுரம் இருந்த இடத்தில் இன்று அடித்தளமும் செங்கற் குவியலும்தான் உள்ளன. குண்டு விழுந்த குழிகளையும் மூடவில்லை. புல் முளைத்துக் கிடக்கின்றன. மண்டபம் ஒன்றினுள்ளே சிலைகளுக்குப் பக்கத்தில் வெற்றுக் குண்டுக் கோதுகளை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே பார்த்துப் போகிறார்கள்.

தாய்மாரின் நினைவிடம்

கடைசியாகச் சென்றது ஹோய் ஆனுக்குத் தெற்கே உள்ள தாம் கி. அங்கே 2015 மார்ச்சில் திறக்கப்பட்ட தாய்மார் நினைவுச்சின்னம் இருக்கிறது. பெரிய கற்களாலான நீண்ட மதில்போன்ற அமைப்பின் நடுவே ஒரு முதிய தாயின் முகம். 2010 இல் காலமான நுயென் தி து அம்மையாரை முன்மாதிரியாகக் கொண்டு செதுக்கியது. ஒன்பது ஆண்மக்களையும் ஒரு மருமகனையும் பேரப்பிள்ளைகள் இருவரையும் யுத்தங்களிற் பறிகொடுத்தவர் அவர்.

இவரைப் போன்றோருக்கு 'வீரத்தாய்' என்ற பட்டத்தை அரசு 1994 இல் ஏற்படுத்தியது. மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. குவாங் நாமில் மட்டும் 15,000இற்கும் அதிகமான தாய்மார் இப்பட்டம் பெற்றுள்ளார்கள். இந்தப் பெரும் செலவை உயிரோடு இருக்கும் தாய்மாருக்குச் செய்திருக்கலாமே என்று அந்நாட்டிலேயே பலர் கேட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. வென்ற தரப்பில் இறந்தவர்களின் தாய்மாருக்கே அந்தப் பட்டம். தோற்ற தென் வியட்னாம் படையில் மகனை இழந்த தாய்க்கு அது இல்லை. ஒரே குடும்பத்தில் ஒரு மகன் அந்தப் பக்கமும் மற்ற மகன் இந்தப் பக்கமும் நின்ற வீடுகள் அங்கே ஏராளம். பெற்ற வயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதானே? இலட்சக்கணக்கானோரின் எச்சங்கள் இன்னும் கண்டெடுக்கப்படவோ அடையாளம் காணப்படவோ இல்லை. அந்த முகத்தின் முன்னால் நின்றபோது, அதிலே இடம்பெறாத தாய்மாரையும் நினைத்துக்கொண்டேன்.

அன்புச் சகோதரிகளே, எமது ஊர்களிலும் உடைந்த மதில்களும் சிதைந்த கோயில்களும் பழைய கிணறுகளும் கிடக்கின்றன. மீள்குடியேறிய அவசரத்தில் பலவற்றை அகற்றியும் விட்டோம். எஞ்சியிருப்பதையாவது வீசிவிடாமல் வைத்திருப்போம். வீட்டின் பழைய கதவு, கல்வெட்டுத் துண்டு, மங்கிப்போன புகைப்படம் எதுவாக இருந்தாலும் சரி. அது யாருடையது, எப்போது உடைந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஊரில் முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். இறந்தவர்கள், காணாமற்போனவர்களின் பெயர்களை எந்தப் பக்கம் என்று பாராமல் எல்லாத் தாய்மாரிடமும் கேட்டு எழுதுங்கள். நாளை வெளியூரார் எமது இடங்களைப் பார்க்க வரும்போது, அவற்றின் கதையைச் சொல்பவர்களும் அதனால் வருமானம் பெறுபவர்களும் நாமாக இருக்க வேண்டும்.